காலியாக இருந்த மூலை

கைக்குட்டை மூன்றாவது முறையாக வழுக்கி விழுந்தது. ஸ்டோர் கீப்பரின் தலையில் அதைப் பிடித்து வைக்க ஒரு முடிகூட பாக்கியில்லை.

சீக்கியர்களின் குருத்வாரா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு மனைவிக்குப் போன் போட்டார்.

"தலையில நிக்க மாட்டேங்குதுடி."

"ஏதாவது பண்ணித் தொலைங்க. தலையை மூடாம உள்ள போயிடாதீங்க. ரெண்டு வருஷமா நீங்க அங்க, நானும் பொண்ணும் இங்க. உங்க மேனேஜர் மனசு வச்சாதான் மாற்றல். அவர் வீட்டுக் கல்யாணத்துல போய் மானத்தை வாங்கிடாதீங்க."

"எனக்கு இங்க ஒரு முறையும் தெரியாதே."

"முன்னாடி இருக்கறவர் செய்யறதையே செய்யுங்க. சொந்த மூளையை மட்டும் வெளிய எடுக்காதீங்க."

வாசலில் ஒரு கூடை நிறையத் தலைத்துணிகள் இருந்தன. இருப்பதிலேயே பெரியதை எடுத்து இறுக்கிக் கட்டினார். இப்போது விழவில்லை. ஆனால் வண்டிக் குதிரைக்குக் கட்டியதுபோல இரண்டு பக்கமும் கண்ணை மறைத்தது.

நேர் எதிரே ஒரு நீலத் தலைப்பாகை தெரிந்தது. அதையே பிடித்துக்கொண்டார். மேடையில் விதானத்துக்குக் கீழே புனித நூல். தலைப்பாகை அதன் முன் நெற்றி தரையில் படக் கும்பிட்டது, இவரும் கும்பிட்டார். அது உட்கார்ந்தது, இவரும் உட்கார்ந்தார்.

முட்டிதான் மக்கர் பண்ணியது. காலை நீட்டினார். பக்கத்திலிருந்தவர் காதோரம் வந்தார்.

"அண்ணே, நூலைப் பாத்து காலை நீட்டக்கூடாது. மடக்கிக்குங்க."

மடக்கினார். கால் மணி நேரத்தில் அது யாருடைய காலோ ஆகிவிட்டது.

நீலத் தலைப்பாகை எழுந்தது. மரத்த காலை இழுத்துக்கொண்டு இவரும் பின்னால் போனார். மேடையின் ஒரு மூலையில் அது நின்றது. காலியாக இருந்த அடுத்த மூலையில் போய் இவர் நின்றார்.

துணியைச் சற்று மேலே தள்ளிப் பார்த்தார். கூடமே உட்கார்ந்திருந்தது. மேடையைச் சுற்றி நின்றவர்கள் நான்கே பேர்.

"இங்க எதுக்கு நிக்கறோம்?" என்று கிசுகிசுத்தார்.

"பொண்ணோட அண்ணன் தம்பிங்க நிக்கற இடம் இது" என்றது நீலத் தலைப்பாகை. "நீங்க யாரு?"

பதில் வருவதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது. மாப்பிள்ளை முன்னால் நடக்க, அவருடைய சால்வையின் நுனியைப் பிடித்தபடி பெண் மேடையைச் சுற்றி வந்தாள். நீலத் தலைப்பாகை அவளைத் தோளில் அணைத்து நாலு எட்டு நடத்தி, இவர் கையில் ஒப்படைத்தது.

"யார் நீங்க?" என்றாள் பெண், உதடு அசையாமல்.

"அப்பா ஆபீஸ்மா. ஸ்டோர்."

"ஏன் இப்படி நொண்டறீங்க?"

"கால் மரத்துப்போச்சு."

"அப்ப என்னைப் பிடிச்சுக்குங்க."

பிடித்துக்கொண்டார். பார்த்தவர்களுக்கு அண்ணன் தங்கையைத் தாங்கி நடத்துவதுபோல இருந்தது. இப்படி நான்கு சுற்று. கடைசிச் சுற்றில் கால் சரியாகிவிட்டது, கண்தான் கலங்கிவிட்டது.

சாப்பாட்டுக் கூடத்தில் கடைசி வரிசையில் பதுங்கி உட்கார்ந்தார். வாளியோடு பரிமாறிக்கொண்டு மேனேஜரே வந்தார். கூடவே அவர் மனைவி.

"சார், மன்னிச்சிடுங்க. தெரியாம நடந்துபோச்சு."

"மன்னிப்பா? அட போய்யா! என் பொண்ணுக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. சித்தப்பா பசங்க மூணு பேர்தான். ஒரு மூலை காலியா இருக்கேன்னு இவ காலையிலேருந்து மூக்கைச் சிந்திக்கிட்டிருந்தா."

ஸ்டோர் கீப்பருக்குத் தைரியம் வந்தது.

"அப்ப சார்... என் மாற்றல் விஷயம்..."

மேனேஜர் வாளிக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்.

"அந்தக் கவலையை விடுங்க தம்பி" என்றாள் அவர் மனைவி, கண்ணைத் துடைத்தபடி. "கையில குடுக்கலாம்னு காலையிலயே மாற்றல் ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுப் பையில வச்சிருந்தார். என் பொண்ணோட அண்ணனைப் போய் ஊரைவிட்டு அனுப்பறதாவதுன்னு, இப்பதான் நான் அதைக் கிழிச்சுப் போட்டேன்."