முதல் கைதட்டு மாமா

புடாபெஸ்டில் முதலில் கைதட்டுபவர் என்று ஒரு தனி இனம் உண்டு. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என்று நால்வர் கூடி வாசிக்கும் சின்ன அரங்குகளில்தான் இந்த இனம் செழிக்கிறது. இருநூறு வருடப் பழைய உருப்படி என்றால் யார் வேண்டுமானாலும் சரியான இடத்தில் தட்டிவிடலாம். போன மாதம் எழுதியது எங்கே முடிகிறதென்று யாருக்குத் தெரியும்? இவருக்குத் தெரியும். கண்ணை மூடி, முகவாயை உயர்த்தி, நாற்காலி நுனிக்கு நகர்ந்து, கடைசி ஸ்வரம் கரைவதற்குள் படாரென்று ஒரு தட்டு. பிறகு அக்கம்பக்கத்தாரை ஒரு பார்வை.

எங்கள் தெஷோ மாமா இந்த இனத்தின் சிகரம். போன வெள்ளிக்கிழமை செல்லோக்காரி பிரோஷ்காவின் குழு வாசித்தது. புது உருப்படியின் நடுவே நீண்ட மௌனம். அதன் பிறகு அவளுடைய செல்லோ மட்டும் தனியாக. அதைக் கேட்கத்தான் அவள் அம்மா செகெடிலிருந்து ரயிலேறி வந்திருந்தார்.

மௌனம் வந்தது. பிரோஷ்கா வில்லைத் தூக்கினாள்.

படார்!

எங்கள் ஊரில் ஒருவர் தட்டினால் போதும். கொஞ்ச நேரத்தில் அரங்கமே ஒரே தாளத்தில் சேர்ந்துகொள்ளும். இரண்டாம் வரிசையில் இருந்த நானும் தட்டினேன். பாவம், அவள் அம்மாவும் தட்டினார். முதல் வயலின் ஆகோஷ் வணங்குவதற்காக எழுந்தேவிட்டான்.

"உக்காருடா! என் பகுதி பாக்கி இருக்கு!"

"ஜனங்களே முடிச்சிட்டாங்க. விடேன் பிரோஷ்கா."

"ராப்பகலா சாதகம் பண்ணினது நீயா, நானா?" என்றவள் எங்கள் பக்கம் திரும்பினாள். "தெஷோ மாமா! கையைத் தொடைக்கடியில வெச்சுக்குங்க!"

அரங்கம் சிரித்தது. மாமா கைகளின் மேல் உட்கார்ந்தார்.

அவள் வாசித்தாள். செல்லோ முனகியது, வம்புக்கு இழுத்தது, பிறகு யாரோ தூக்கத்தில் பேசுவதுபோல் தணிந்துகொண்டே போனது. வில் நின்றது.

முடிந்துவிட்டதா? எல்லோரும் தெஷோ மாமாவைப் பார்த்தோம். மாமா கூரையைப் பார்த்தார். ஒரு விரல்கூட அசையவில்லை. பிரோஷ்காவின் முகம் வெளிறத் தொடங்கியது.

"முடிஞ்சிருச்சாடி?" என்று மூன்றாம் வரிசையிலிருந்து அவள் அம்மா உரக்கக் கேட்டார்.

"முடிஞ்சிருச்சும்மா."

அம்மா தட்டினார். அப்புறம் கூரை பெயராததுதான் பாக்கி.

தெரியாவிட்டால் கேட்டுவிடும் இனம் எங்கள் ஊரில் அந்த அம்மா ஒருவர்தான். அவரும் அன்றிரவே ஊர் திரும்பிவிட்டார். மாமாவைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால் இந்தக் கடைசி வரி வருவதற்கு முன்பே ‘பிரமாதம்’ என்று தலையாட்டினீர்களே, அது யார்?