லேப்டாப்புக்குப் பத்துப் பொருத்தம்

ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர்த் தேக்காவில் ஒரு கடை வாசலில் தொடங்கிய வரிசையின் வால், தீவின் கிழக்குக் கோடியில் பாசிர் ரிஸ் கடலில் நனைந்துகொண்டிருந்தது. கூட்டிச் சொல்கிறேன் என்பவர்கள் வந்து நின்று பார்த்திருக்க வேண்டும். அந்தக் கடையின் மாடியில் ‘கணினிச் சித்தர்’ கதிரேசன் லேப்டாப்புக்குப் பொருத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் அச்சிட்ட தயாரிப்புத் தேதிதான் அதன் பிறந்தநாள். அதிலிருந்து நட்சத்திரம். அதற்கும் உங்கள் நட்சத்திரத்துக்கும் பத்துப் பொருத்தம். தொழிற்சாலையில் நைட் ஷிப்ட்டில் பிறந்த பெட்டிக்கு ராகு காலம் கணிக்கிற மூளையை என்னவென்று புகழ்வது!

கல்யாணப் புகைப்படக்காரி கவிப்ரியாவை அவள் அம்மா முத்தாயி இழுத்து வந்திருந்தார். பழைய லேப்டாப் உயிரை விட்டிருந்தது. சனிக்கிழமை விருந்துக்குள் ஒரு கல்யாணத்தின் படங்களைத் திருத்திக் கொடுக்காவிட்டால், இனி அவளை யாரும் கூப்பிடப்போவதில்லை. நிறைய மெமரி, நிறம் பிசகாத திரை என்று அலசி ஆராய்ந்து புதிதாக ஒன்றை வாங்கியிருந்தாள்.

சித்தர் அதைக் கவிழ்த்தார். கண்ணை மூடினார்.

“இது ஆயில்யம்மா. மாமியாருக்கு ஆகாது.”

“எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல, சார்.”

“அதுக்கும் இதுதான் காரணம்.”

முத்தாயி அன்றே அதைக் கடையில் திருப்பிக் கொடுக்க வைத்து, சித்தர் பூஜையில் வைத்திருந்த ‘ஒன்பது பொருத்தம்’ லேப்டாப்பை வாங்கினார். மூடியில் குங்குமம், பக்கத்தில் சித்தரின் கையெழுத்து.

வீட்டில் அதில் படத்தைத் திறந்தார்கள். மாப்பிள்ளையின் தலைப்பாகை வந்தது. டீ குடித்துவிட்டு வந்தபோது நெற்றி வந்திருந்தது. கூடவே மின்னஞ்சலையும் திறந்தாள். மாப்பிள்ளை மொத்தமாகக் காணாமல் போனார்.

“புது எடம், பழகணும் லா,” என்றார் முத்தாயி.

மறுநாள் கவிப்ரியா அதன் மூடியில் நீல உறையை ஒட்டித் தோழி நிவேதிதாவிடம் கொடுத்தாள். அவளுடையதற்குப் பதில் தன் மக நட்சத்திரத்தையே சொல்லச் சொல்லிவிட்டு, சித்தரின் மாடியில் அம்மாவோடு கூட்டத்தின் பின்னால் நின்றாள்.

“கடையில வாங்குனேன், சாமி. நான் மகம்,” என்றாள் நிவேதிதா.

சித்தர் கவிழ்த்தார். கண்ணை மூடினார். “ஒரு பொருத்தமும் இல்ல. பொணம்மா இது. தூக்கிப் போட்டுட்டு எங்கிட்ட இருக்கறத எடுத்துக்க.”

“நல்லாப் பாருங்க, சாமி.”

“ராகு பல்லக் காட்டுறான். இதுக்கு மேல என்னத்தப் பாக்க?”

நிவேதிதா உறையை உரித்தாள். குங்குமம். கையெழுத்து.

கவிப்ரியா முன்னால் வந்தாள். “அதே தேதி, அதே நட்சத்திரம். நேத்து ஒம்போது பொருத்தம். ஒரே ராத்திரியில எப்படி டிவோர்ஸ் ஆச்சு?”

“கிரகம்… பெயர்ச்சி…”

“எம்பொண்ணு பொழப்பு போகப் பாத்துச்சு, பெயர்ச்சியாடா பெயர்ச்சி?” அதுவரை சாமி சாமி என்று கும்பிட்ட முத்தாயி கையை நீட்டினார். “காச எடு.”

திருப்பிக் கொடுத்த லேப்டாப்பையே கவிப்ரியா மறுபடி வாங்கினாள். சனிக்கிழமை விருந்தில் மாப்பிள்ளை தலைமுதல் கால்வரை திரையில் சிரித்தார்.

மாடியில் நின்ற கூட்டத்தில் பாதி அந்த விருந்தில் இருந்தது. வங்கியில் மென்பொருள் பிரிவையே கட்டி மேய்க்கும் இருதயராஜ் அவளிடம் ஓடிவந்தார்.

“ஒனக்கு ராசியான கை லா. எனக்கும் ஒரு லேப்டாப் தொட்டுக் குடும்மா.”

“அதுல என்ன வேலை செய்வீங்க, அங்கிள்?”

அவர் யோசித்தார். பழக்கமில்லாததால் முகம் கொஞ்சம் கோணியது. மற்றபடி ஒன்றும் ஆகவில்லை. நீங்களும் தைரியமாகச் செய்து பார்க்கலாம்.