வட்டக்கச்சியின் முதலாவது ரோபோ

ரோபோப் படங்களை அளவுக்கு மீறிப் பார்ப்பவர்களைக் கல்யாண வீட்டுக்குள் விடக்கூடாது. (என்னைத்தான் சொல்கிறேன்.)

அப்போது எனக்கு இருபது வயது. உலகத்தையே ஒரு கொம்பனி விலைக்கு வாங்கி, ரோபோக்களை வைத்து மனிதர்களை ஆட்டிப்படைக்கும் படங்களைக் கைபேசியில் பார்த்துப் பார்த்து, அப்படி ஒன்றை எங்கள் ஊர் வட்டக்கச்சியிலேயே எடுக்கத் தொடங்கியிருந்தேன். அரிசி ஆலைதான் கொம்பனியின் தலைமையகம். சிவப்புத் தாள் சுற்றிய நான்கு பல்புகள்தான் மாநகரம். முதலாளி நான். பழைய ரீவி ரிமோட்டை நான் நீட்டினால் ரோபோ நடக்கும், நிற்கும். ரோபோ என் அண்ணா.

அண்ணாவுக்கு மறுக்கத் தெரியாது. கல்யாணம் முடிந்தால் உடையார்கட்டிலுள்ள பெண்வீட்டுக்கே போய்விடுவார் என்பதால், கடைசிக் காட்சியைக் கல்யாணத்துக்கு முதல்நாளே எடுத்தாக வேண்டும். உடம்பில் ஒட்டிய வெள்ளித்தாள் வியர்வையில் கழன்று விழுந்தது. கல்யாணத்துக்காக வீட்டு வாசல் கேற்றுக்கு அடித்த வெள்ளிப் பெயின்ற் அரை ரின் மிச்சம் கிடந்தது.

"கழுவினா போகுமோ?" என்று கேட்டார் அண்ணா.

"ஓம் அண்ணா. சவர்க்காரம் போட்டாப் போயிடும்."

(மழைக்குப் போகாத பெயின்ற் என்றுதான் அப்பா அதைத் தேடி வாங்கியிருந்தார்.)

காட்சி அருமையாக வந்தது. பெயின்ற் போகவில்லை. சவர்க்காரம், தேங்காயெண்ணெய், உரஞ்சித் தேய்த்த தேங்காய்ப் பொச்சு எல்லாம் தோற்றபின் அம்மா மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்தார்.

"இந்தக் கலியாணம் குழம்பினா, நீ இந்த வீட்டுப் பக்கம் தலை வைச்சும் படுக்கப்படாது," என்றார்.

மறுநாள் காலை பாலறுகு வைக்க வந்த மாமிமார், அண்ணாவின் தலையில் பாலை விட்டுவிட்டுக் குனிந்து முகத்தைப் பார்த்தார்கள். முகம் இலேசான வெள்ளி. காதுகள் அசல் கேற். அதற்கு மேல் அம்மா பவுடர் அப்பியதில் அண்ணா நீற்றுப்பூசணிக்காய் போல ஆகிவிட்டார்.

மணவறையில் ஓமம் வளர்க்கப் போன ஐயர் மூக்கைச் சுளித்தார். "மாப்பிள்ளை, கொஞ்சம் பின்னுக்கு இரும். மண்ணெண்ணெய் மணக்குது."

பெண்ணின் தகப்பனார் எழுந்து அப்பாவிடம் வந்தார். "உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை. பொடியனுக்கு ஏதும் தோல் வருத்தமோ?"

பெண்ணுக்குத் தோழியாகப் பக்கத்தில் நின்ற நான், மணவறைக்குக் கீழே குழி இருந்தால் இறங்கியிருப்பேன்.

பெண் மெல்ல அண்ணாவின் பக்கம் திரும்பினார். "என்ன இது?"

"தங்கச்சியின்ர படத்தில நான் ரோபோ," என்றார் அண்ணா, அசையாமல்.

"ரோபோவை ஆர் ஆட்டிறது?"

"கொம்பனி. ரிமோட் அவளிட்டத்தான் கிடக்கு."

பெண் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "அப்பா, போய் இருங்கோ. வருத்தமில்லை, பெயின்ற்," என்று சொல்லிவிட்டு என் பக்கம் சாய்ந்தார். "அந்த ரிமோட்டை எனக்குத் தாரும்."

தாலி ஏறியது. ரிமோட் கைமாறியதால் படம் இன்றுவரை முடியவில்லை. அண்ணாவின் காதுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் வெள்ளி இருக்கிறது (நரை என்று சாதிக்கிறார்). ரிமோட் அண்ணியின் அலுமாரியில் கூறைச்சேலைக்கு மேல் இருக்கிறது. அண்ணா கதிரையை விட்டு அசையாத நாட்களில் அண்ணி அதை எடுத்து நீட்டுவார். பிள்ளைகள் "கொம்பனி, கொம்பனி" என்று கத்த, அண்ணா எழுந்து தேங்காய் துருவப் போவார். அந்த ரிமோட்டுக்குள் பற்றரி ஒருநாளும் இருந்ததில்லை.