நூறு குதிரைகளும் ஒரு கடைவாய்ப் பல்லும்

முத்துவரி நாட்டில் பல் மருத்துவம் படிக்க விரும்புகிறவர், அரசரின் நூறு குதிரைகளின் பெயர்களையும் வரிசை மாறாமல் ஒப்பிக்க வேண்டும். அதுதான் நுழைவுத் தேர்வு. குதிரைக்கும் பல் உண்டு என்பதால் தேர்வு பொருத்தமானதே என்று அரசாணை விளக்கியது. குதிரைப் பெயர் சொல்லித்தரும் கூடங்கள் ஊருக்கு ஊர் முளைத்தன.

அரசுப் பல் மருத்துவப் பள்ளியில் மருதி முதலாண்டு மாணவர்களுக்கு ஆசிரியை. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவள் வகுப்பில் நாற்பத்தொரு பேர். ஆண்டு முடிவில் ஒவ்வொருவரும் மெழுகில் ஒரு கடைவாய்ப் பல் செதுக்கினார்கள். அந்த மதிப்பெண்களை நுழைவுத் தேர்வு வரிசைக்குப் பக்கத்தில் எழுதிப் பார்த்தாள். முதலிடத்தில் நுழைந்த கோவேளுக்குப் பன்னிரண்டு. கடைசியாக நுழைந்த அலரிக்குத் தொண்ணூற்றாறு. முந்தைய மூன்று ஆண்டுகளையும் புரட்டினாள். அங்கும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. அதை அப்படியே அறிக்கையாக எழுதி அனுப்பிவிட்டாள்.

தேர்வு அமைச்சர் நேரில் வந்தார்.

"ஏம்மா, அரசர் வச்ச தேர்வு தப்பாகுமா?"

"மார்க் அப்படித்தாங்கய்யா சொல்லுது."

"அப்போ மார்க்குதான் தப்பு."

உடனே ஆணை பிறந்தது. இனி மதிப்பெண் நுழைவு வரிசைப்படியே வழங்கப்படும். கோவேளுக்குத் தொண்ணூற்றாறு. அலரிக்குப் பன்னிரண்டு, எனவே அவள் நீக்கப்படுவாள்.

"கையெழுத்துப் போடும்மா."

அலரி வாசலில் நின்றிருந்தாள். மருதி ஆணையை அமைச்சரிடமே திருப்பி நீட்டினாள்.

"போட மாட்டேங்கய்யா."

அடுத்த ஆணை வர அரை நாழிகைகூட ஆகவில்லை: ஆசிரியரும் குதிரைத் தேர்வில் தேற வேண்டும். மருதி மூன்றாவது குதிரையிலேயே நின்றுவிட்டாள். வேலை போயிற்று.

அலரியைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தவள், பள்ளிக்கு எதிரே தெருவில் உட்கார்ந்து மெழுகுக் கட்டியை எடுத்தாள். பாடம் தொடர்ந்தது.

மறுநாள் கோவேள் அமைச்சர் முன் போய் நின்றான்.

"ஐயா, என் பன்னிரண்டை எனக்கே திருப்பிக் குடுங்க."

"உனக்கென்ன பைத்தியமா? சும்மா கெடைச்ச தொண்ணூத்தாறுடா!"

"அடுத்த மாசம் நெஜ வாயில கை வைக்கணும். ரத்தம் வந்தா குதிரை பேரைச் சொன்னா நிக்குமாய்யா?"

பதிலுக்குக் காத்திராமல் தெருவுக்குப் போனான். அலரி பக்கத்தில் உட்கார்ந்து, "வேரை எப்படிச் செதுக்கற, காட்டு" என்றான்.

"மொதல்ல கத்தியை நேராப் பிடி, மொதலிடம்" என்றாள் அவள்.

அந்தி சாய்வதற்குள் நாற்பத்தொரு பேரும் தெருவுக்கு வந்துவிட்டார்கள். ஆசிரியையோடு நாற்பத்திரண்டு.

அடுத்த ஆண்டு நுழைவுத் தேர்வில் குதிரைகளைத் தூக்கிவிட்டு ஒரே ஒரு கேள்வி வைத்தார்கள்: 'பள்ளிக்கு எதிரே தெருவில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள்?' சரியான விடையையும் கூடங்களில் முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள்: 'எவரும் இல்லை.'

எழுத வந்த ஆயிரத்து இருநூறு பேரும் 'நாற்பத்திரண்டு' என்று எழுதினார்கள்.

ஒருவரும் தேறவில்லை. தெருவில் இடம் போதவில்லை.