ஆறடிக்கு நாலடி நிம்மதி

இந்தக் கதையில் நீங்கள் விழுந்து விழுந்து சிரிக்கப் போகிற இடம் ஒன்று இருக்கிறது. இப்போது இல்லை. அவசரப்படாதீர்கள். அதற்கு முன்னால் ஒரு பாத்ரூமைக் கழுவி முடிக்க வேண்டியிருக்கிறது. கழுவப் போவது எங்கள் அப்பா. அவர் கழுவட்டும், நாம் காத்திருப்போம்.

அப்பா டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவர். தெருவில் எல்லோருக்கும் அவர் 'பிரேக் மாஸ்டர்'. நாள் முழுக்க "பிரேக்கு! பிரேக்கு! ஐயோ, அது ஆக்ஸிலேட்டர் சார்!" என்று கத்திவிட்டு வருவார். வீட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போதுகூட வலது கால் தரையை மிதித்துக்கொண்டே இருக்கும்.

அவருக்கு ஒரு பெருமை. பயிற்சிக் காரில் அவர் பக்கத்திலும் கிளட்ச், பிரேக் உண்டு. "கத்துக்கிறவன் தான்தான் ஓட்டுறதா நினைச்சிட்டிருப்பான். நிறுத்துறதும் நகத்துறதும் என் கால்ல இருக்கு. உண்மையச் சொன்னா, அவனுக்குன்னு சொந்தமா இருக்கிறது ஹாரன் ஒண்ணுதான்." வாரத்துக்கு இரண்டு முறை இதைச் சொல்லுவார். வாரத்துக்கு இரண்டு முறை அம்மாவும் "அப்படிங்களா" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா எழுந்து நின்று அறிவித்தார்.

"இனிமே தினம் அரை மணி நேரம் எனக்கு நிம்மதி வேணும்."

"எடுத்துக்கோங்க. எங்க வெச்சிருக்கு?" என்றாள் அம்மா.

"பாத்ரூம்ல. இந்த வீட்ல உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறது அங்க மட்டும்தான். அதை அப்படியே இடிச்சிட்டு..."

"ஒரு டைல்ஸ உடைக்கக் கூடாது. நாள் பூரா பல்லு ராவுற சத்தத்தைக் கேட்டுட்டு வரேன். வீட்லயும் டிரில்லிங் சத்தம் கேட்டுதுன்னா, நான் கிளினிக்லயே படுத்துக்குவேன்."

அம்மா பல் டாக்டரிடம் வரவேற்பில் இருக்கிறாள். அடுத்த நோயாளி யார், அழுகிற நோயாளி யார் என்று பார்ப்பது அவள் வேலை.

எங்கள் பாத்ரூம் ஆறடிக்கு நாலடி. அதற்குள் மூன்று வாளி, ஒரு மடக்கு ஏணி, அப்பா என்றைக்காவது உதவும் என்று சேர்த்த பழைய கார் வீல் கப் நான்கு, காலி ஷாம்பு பாட்டில் ஏழு. குழாய் டொக், டொக் என்று சொட்டும். டியூப் லைட் வெளிச்சத்தில் எல்லோரும் நேற்றே செத்தவர்கள் மாதிரி தெரிவோம். தாழ்ப்பாளை இரண்டு கையாலும் இழுத்தால்தான் விழும்.

"உடைக்காம எப்படிடி நிம்மதி வரும்?" அப்பா என்னிடம் புலம்பினார்.

"ஒரு மேடம் ஆடியோ போடுறாங்கப்பா. வீட்டை உடைக்காமலே நிம்மதியாக்கிடுவாங்க. தினம் உங்களுக்கு அனுப்பி வைக்கிறேன்."

அந்த மேடம் நான்தான். எனக்கு எல்லாக் குரலும் வரும். பள்ளிக்கூட பிரின்சிபால் குரலில் ஒருமுறை எங்கள் வகுப்புக்கே விளையாட்டு நேரம் கொடுத்திருக்கிறேன். இந்தக் குரலுக்குத் தேன், கொஞ்சம் மூக்கடைப்பு, நிறைய மூச்சு. போர்வைக்குள் உட்கார்ந்து பதிவு செய்தேன். என்ன பேச வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது அம்மா. எழுதிக் கொடுத்தது என்றால் புதிதாக அல்ல. அலமாரிக்கு அடியிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தாள். பாத்ரூமில் ஆக வேண்டிய வேலைகளின் பட்டியல். முதல் வரி வெளுத்துப் போன நீல மை, கடைசி வரி கறுப்பு மை. எத்தனை வருஷமாகச் சேர்த்தாளோ.

நான் ஏன் ஒப்புக்கொண்டேன் என்றும் சொல்லிவிடுகிறேன். போன மாதம், அம்மா கிளினிக்கிலிருந்து தாமதமாக வந்த ஒரு ராத்திரி, பாத்ரூம் கதவைத் தள்ளினேன். கவிழ்த்துப் போட்ட வாளிமேல் அம்மா உட்கார்ந்திருந்தாள். தோளில் கைப்பை, காலில் செருப்பு. "ரெண்டு நிமிஷம்டி," என்றாள். அதற்குள் அப்பா "என் டவல் எங்க?" என்று கூப்பிட்டார். எழுந்து வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை, இரண்டு பயிற்சிகளுக்கு நடுவில், அப்பா காரில் ஆடியோ கேட்டார்.

"கண்களை மூடுங்கள்... ஒழுகும் குழாய், உங்கள் மனதில் விழுந்த ஓட்டை..."

சாயங்காலம் வரும்போதே கையில் புது வாஷர்.

"இப்ப எதுக்குங்க குழாயைக் கழட்டுறீங்க? அந்த டொக் டொக் எனக்குப் பழகிடுச்சு," என்றாள் அம்மா.

"உனக்குப் புரியாது. இது மனசு சம்பந்தப்பட்டது."

செவ்வாய், பாசி. பழைய பிரஷ்ஷால் டைல்ஸ் இடுக்கு ஒவ்வொன்றாகத் தேய்த்தார். புதன், "தேவையற்ற பொருள்கள்... தேங்கிய எண்ணங்கள்..." ஏணி பால்கனிக்குப் போனது. வீல் கப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டுபோய் பழைய சாமான்காரரிடம் கொடுத்தார்.

"ஐயோ, அது இருந்துட்டுப் போகட்டுமே!" என்றாள் அம்மா.

"நீ பழசையே பிடிச்சுத் தொங்கு. நான் மாறிட்டேன்."

வியாழன், டியூப் லைட் போய் மஞ்சள் பல்பு. தாழ்ப்பாளுக்கு எண்ணெய். வெள்ளி, ஜன்னலில் ஒரு செடி, "பதிமூன்று அங்குல வட்ட ஸ்டூல் ஒன்று." ஏன் பதிமூன்று என்று அப்பா கேட்கவில்லை. மேடம் சொன்னால் சரி.

"ஸ்டூலெல்லாம் போட்டா இடிக்கும்ங்க."

"போடுவேன்."

சனிக்கிழமை காலை எட்டிப் பார்த்தேன். எங்கள் பாத்ரூம்தானா? மஞ்சள் வெளிச்சத்தில் டைல்ஸ் ஈரமாக மின்னியது. ஒரு சொட்டுச் சத்தம் இல்லை. கண்ணாடியில் நான்கூட அழகாக இருந்தேன்.

அடுத்து நேரப் பங்கீடு.

"எந்த நேரம் வேணும்னாலும் எடுத்துக்கோங்க," என்றாள் அம்மா. "ஆறு மணி மட்டும் கேக்காதீங்க."

"ஏன், அது உனக்கா? ஆறுதான் எனக்கு வேணும். வாலு, எழுது!"

வாலு நான். எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கிக் கதவில் ஒட்டினேன். ஆறு முதல் ஆறரை, அப்பா. ஏழு முதல் ஏழரை, அம்மா.

வேலை நாளில் அப்பா ஏழரைக்கு முன்னால் ஒருநாளும் வீட்டில் இருந்ததில்லை. அன்றைக்கு சாயங்காலப் பயிற்சியை இன்னொரு மாஸ்டரிடம் தள்ளிவிட்டு வந்தார். சரியாக ஆறுக்கு உள்ளே போனார். தாழ்ப்பாள் வெண்ணெய் மாதிரி விழுந்தது.

ஆறு மணி இரண்டு நிமிஷம். தலைக்கு மேலே டடடடடட என்று கூரை அதிர்ந்தது. மாடி வீட்டு வாஷிங் மெஷின். இரண்டு வீட்டுக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டி. ஷவரில் தண்ணீர் நூலாக இளைத்து, அப்புறம் நூலும் அறுந்தது. பத்து நிமிஷத்தில் அப்பா தலை நிறைய நுரையோடு வெளியே வந்தார்.

"என்ன இது!"

"மாடிக்காரங்க ஞாயித்துக்கிழமை தவிர தினம் ஆறு மணிக்குத்தாங்க மெஷின் போடுவாங்க. ஆறே முக்காலுக்கு நின்னுடும்."

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே. ஆறு மணி மட்டும் கேக்காதீங்கன்னு."

அப்பா கையெழுத்தைப் பார்த்தார். அவருடையதுதான்.

ஏழு மணிக்கு அம்மா வந்தாள். செருப்பு இல்லை, கைப்பை இல்லை. ஒரு கையில் புத்தகம், இன்னொரு கையில் வட்டமாக ஒரு மெத்தை, பச்சைப் பூப்போட்ட உறையோடு. அதை ஸ்டூலில் வைத்தாள். விரலளவு இடம்கூட மிச்சமில்லாமல் உட்கார்ந்தது.

"அடேயப்பா, கச்சிதமா இருக்கே," என்றார் அப்பா. பிறகு நெற்றியில் காய்ந்த நுரை மெல்லச் சுருங்கியது. "ஸ்டூல் நேத்துதானே வாங்கினேன். இது எப்ப தைச்சே?"

"போன மாசம்," என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள். தாழ்ப்பாள் சத்தமே இல்லாமல் விழுந்தது. உள்ளே தண்ணீர் மழை மாதிரி கொட்டியது.

அப்பா கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என்னால் அடக்க முடியவில்லை. தேன், மூக்கடைப்பு, மூச்சு:

"கண்களை மூடுங்கள்... கோபத்தை மெதுவாக வெளியே விடுங்கள்..."

அப்பாவின் வலது கால் தரையை ஒரு மிதி மிதித்தது. எதுவும் நிற்கவில்லை.

"அப்ப இந்த ஒரு வாரமா," என்றார், "எனக்குன்னு இருந்தது ஹாரன் மட்டும்தானா?"