பொற்கொடி வளர்த்த பேன்கள்

ஒரு காட்டில் பேன் தொல்லை பொறுக்க முடியாமல் போய்விட்டது. சிங்கராஜா பிடரியைச் சொறிந்துகொண்டே மருந்துக்கு உத்தரவு போட்டார். பொறுப்பு முள்ளம்பன்றி டாக்டருக்கு வந்தது. மருந்தைச் சோதிக்கப் பேன் வேண்டும், பேனை வளர்க்க ஆள் வேண்டும். இந்த விஷயத்தில் குரங்கை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று, பொற்கொடி என்ற மந்தியை ஆய்வுக்கூடத்தில் வேலைக்கு எடுத்தார்கள்.

கிண்ணத்தில் வைத்த ரத்தத்தைப் பேன்கள் சீண்டவே இல்லை. உடம்புச் சூடு இருந்தால்தான் வாய் வைப்போம் என்று அடம். ஆகவே அடியில் வலை கட்டிய சின்ன டப்பாக்களில் அவற்றைப் போட்டு, பொற்கொடி தன் தொடையிலேயே கட்டிக்கொண்டாள். வலை வழியே அவை மூக்குமுட்டக் குடித்தன. சொறியக் கூடாது என்பதைக்கூடப் பல்லைக் கடித்துப் பொறுத்தாள்.

பொறுக்க முடியாதது வேறு. குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பார்த்துத்தான் அன்பைக் காட்டும். புருஷன் காத்தமுத்து ஒரு நாள் ஆசையாகப் பேன் பார்க்க உட்கார்ந்தவன், ஒரு டப்பாவையும் திறந்து, ஆய்வுக்கூடத்துப் பேன்களைத் தின்று தீர்த்துவிட்டான். டாக்டர் முள்ளெல்லாம் சிலிர்க்கக் கத்தினார். வேலை முடியும்வரை புருஷன் பக்கத்தில் உட்காரவே கூடாது என்று சொல்லிவிட்டார். பிறந்ததிலிருந்து யாரும் தொட்டுப் பார்க்காத அவருக்கு அந்த வருத்தம் எப்படித் தெரியும்?

காத்தமுத்துவின் முகம் தொங்கிப்போனது. "மருந்து வந்துட்டா நாம பழையபடி நிம்மதியா இருக்கலாம்," என்று அவனைச் சமாதானப்படுத்தினாள்.

மருந்து வந்தது. காடே நன்றாகத் தூங்கியது. பொற்கொடி ஓட்டமாக ஓடிப்போய்ப் புருஷன் மடியில் தலை வைத்தாள். அவன் தேடினான், தேடிக்கொண்டே இருந்தான்.

"ஒண்ணுமே இல்லையே புள்ள."

கொஞ்ச நேரம் மழை வருமா வராதா என்று பேசினான். பிறகு வேறு கிளைக்குப் போய்விட்டான். எல்லா மரத்திலும் இதே கதைதான், ஆளுக்கொரு பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பொற்கொடிக்கு அழுகையாக வந்தது.

திருப்பிக் கொடுக்க மறந்த டப்பா ஒன்று அவள் தொடையிலேயே இருந்தது. அதிலிருந்து ஒரு ஜோடியை எடுத்துத் தலையில் விட்டுக்கொண்டு, மறுபடி போய்ச் சாய்ந்தாள். காத்தமுத்து அன்று முழுக்க இடத்தை விட்டு அசையவில்லை.

விஷயம் பரவி, மறுநாள் ஆய்வுக்கூட வாசலில் குரங்குகள் டோக்கன் வாங்கி வரிசையில் நின்றன. பொற்கொடி ஜோடி ஜோடியாகக் கொடுத்தாள். கடைசியில் நின்றவர் முள்ளம்பன்றி டாக்டர்.

"எனக்கும் ஒரு ஜோடி குடும்மா. யாராவது பக்கத்துல வர்றாங்களான்னு பார்ப்போம்," என்றார்.

நீதி: துணை வேண்டுமானால் முதலில் ஒரு தொல்லையை வளர்த்துக்கொள்; மருந்தை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளாதே.