தீர்மானம் வீட்டு நூல்கோல்

"இன்னையிலேருந்து கடைக் காய்கறி இந்த வாசப்படியைத் தாண்டாது!"

இப்படி முழங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தவரைத் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'தீர்மானம்' என்றுதான் சொல்வார்கள். மாசம் ஒரு தீர்மானம் எடுப்பார். சர்க்கரையைத் தொடமாட்டேன் என்று ஒரு மாசம், லிஃப்டில் ஏறமாட்டேன் என்று ஒரு மாசம். அதில் எத்தனை நிறைவேறியது என்று மட்டும் கேட்டுவிடக்கூடாது. மனுஷர் உடனே தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். மற்றபடி நல்லவர். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. ஊரார் கண்ணில் இருக்கிற கோளாறெல்லாம் அவருக்கு அத்துப்படி.

மனைவி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"காய்கறிக்குக் காலா இருக்கு, வாசப்படி தாண்ட? தூக்கிட்டு வர்றது நீங்கதானே."

"கிண்டல் பண்ணாதே. இனிமே நேரா வயல்லேருந்து வரப்போவுது."

"யாரு வயலு? நமக்கு ஒரு பூந்தொட்டிதானே இருக்கு?"

விஷயம் இதுதான். அன்றைக்கு ஒரு விவசாயி கண் பரிசோதிக்க வந்திருக்கிறார். "கீழ் வரியைப் படிங்க" என்றால், "எங்க பொழப்பே கீழ் வரிதான் சார்" என்று ஆரம்பித்துவிட்டார். அவரும் மனைவியும் ராப்பகலாகப் பாடுபட்டு விளைவிப்பதைத் தரகர் வந்து அடிமாட்டு விலைக்கு அள்ளிக்கொண்டு போகிறாராம். டவுனில் இருபது வீடு ஒன்றாய்ச் சேர்ந்து, வாராவாரம் ஒரு பெட்டி காய்கறி எடுத்துக்கொள்கிறோம் என்று உறுதி சொன்னால் போதுமாம், தரகருக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுவார்களாம். நம்மவருக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "இருபது வீடு என் பொறுப்பு!" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

"நல்ல காரியம்தான்," என்றாள் மனைவி. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "பெட்டியில என்ன வரும்?"

"வயல் என்ன குடுக்குதோ அது வரும். இது வேணும், அது வேணாம்னு நாம சொல்லக்கூடாது. அதான் பேச்சு."

"அப்படியா! தட்டுல கத்தரிக்காயைப் பார்த்தா விருந்தாளி வீடுன்னுகூடப் பாக்காம எழுந்து போற நீங்களா, வயல் குடுக்கிறதைச் சாப்பிடப் போறீங்க?"

"என்னை என்னன்னு நெனச்சே? இந்தப் பருவம் முடியிற வரைக்கும் அந்தப் பெரிய கடைப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்கமாட்டேன். பந்தயம்!"

"சரி, பந்தயம். நீங்க ஜெயிச்சா, எங்க அண்ணன் வீட்டுக்கு வாங்கன்னு இனிமே கூப்பிடவே மாட்டேன்."

மச்சான் வீட்டுக்குப் போகாத வாழ்க்கை! நம்மவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"தோத்துட்டா?"

"ஞாயித்துக்கிழமை அடுப்படி உங்களுது. ஆயுசுக்கும்."

அவருக்கு வெந்நீர் வைக்கவே பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். இருந்தாலும் மீசையைத் தடவிக்கொண்டு ஒத்துக்கொண்டார்.

அந்த வாரமே வீடுவீடாக ஏறி இறங்கினார். மாடி வீட்டு டீச்சரை மடக்கியதுதான் பெரிய சாதனை. அந்த டீச்சர் லேசில் எதையும் நம்புகிறவர் இல்லை. "நீங்க முன்னால நின்னா நானும் நிக்கிறேன் சார். நீங்க கழண்டா மறுநாளே நானும் கழண்டுருவேன்" என்றார். எல்லா வீட்டிலும் கிட்டத்தட்ட இதே பதில்தான். எப்படியோ இருபது வீடு சேர்ந்துவிட்டது. அந்த நம்பிக்கையில் விவசாயி தரகரை வேண்டாமென்று சொல்லி, கூடுதலாக நிலம் உழுது விதைத்தும்விட்டார். ஆக, ஒரு குடும்பத்தின் சோறு இப்போது நம் தீர்மானத்தின் தீர்மானத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு அப்போது அது உறைக்கவில்லை.

முதல் பெட்டியில் பிஞ்சு பீன்ஸும் கீரையும் வந்தன. "பார்த்தியா, பார்த்தியா!" என்று வீட்டுக்குள் குதித்தார். அடுத்த வாரம் தக்காளி. அதற்கடுத்த சனிக்கிழமை பெட்டியைத் திறந்தவர் ஓரடி பின்னால் போனார். உள்ளே பச்சையாக, உருண்டையாக, நாலா பக்கமும் கொம்பு நீட்டிக்கொண்டு என்னவோ கிடந்தது.

"இது என்னது? ரேடியோ மாதிரி இருக்கு?"

"நூல்கோல்."

"இதைத் தின்பாங்களா?"

"வயல் குடுத்தது. தின்னுதான் ஆகணும்."

வேகவைத்துத் தட்டில் வைத்தாள். அவர் ஒரு துண்டை வாயின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோய், அங்கிருந்து இந்தப் பக்கம் கொண்டுவந்து, கடைசியில் மாத்திரை மாதிரித் தண்ணீர் விட்டு முழுங்கினார். அடுத்த வாரமும் நூல்கோல். அதற்கடுத்த வாரம் நூல்கோலும், துணைக்கு ஒரு பூசணிக்காயும். பூசணி என்றால் அவருக்குச் சின்ன வயசிலிருந்தே ஆகாது. அந்த மண்ணுக்கு வேறு எதுவுமே விளைவிக்கத் தெரியாதா என்று வெளியில் கேட்கவும் முடியவில்லை. தலைவரே முகம் சுளித்தால் தெரு என்ன பேசும்? போதாக்குறைக்கு ஞாயிற்றுக்கிழமை அடுப்படி வேறு கண்ணில் வந்து நின்றது.

அப்போதுதான் அவர் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யும்போதுதான் நமக்குப் பயம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தலையில் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. ஊரின் அந்தக் கோடியில் இருக்கிற பெரிய கடைக்குப் போனார். உருளைக்கிழங்கு, கேரட், காலிஃபிளவர் என்று பார்த்துப்பார்த்துப் பொறுக்கினார். கடைக்காரர்கள்தான் எல்லாவற்றையும் கழுவிப் பளபளவென்று வைத்திருப்பார்களே? பூந்தொட்டியிலிருந்து மண் எடுத்து ஒவ்வொன்றுக்கும் பூசினார். மறுநாள் காலையில் வண்டி பெட்டியை இறக்கிவிட்டுப் போனதும், மனைவி குளித்துவிட்டு வருவதற்குள் நூல்கோலையும் பூசணியையும் வெளியே எடுத்து, கடைச் சரக்கை உள்ளே அடுக்கினார். எடுத்ததை என்ன செய்வது? எதிர்வீட்டில் ஒரு தையல்காரர் தனியாக இருந்தார். இருபது வீட்டில் அவர் சேர்த்தி இல்லை.

"இந்தாப்பா, பெட்டியில நெறைய வந்துருச்சு. வெச்சுக்கோ. வீட்டுல சொல்லவேணாம், நான் தர்மம் பண்றது அவளுக்குப் பிடிக்காது."

"ஐயோ, மகராசனா இருங்க சார்!" என்றார் தையல்காரர்.

மத்தியானம் தட்டில் பொன்னிறமாக உருளைக்கிழங்கு வறுவல். நம்மவர் ஒரு வாய் போட்டார். அடடா!

"வயல் உருளைன்னா இதுதான்! கடையில இந்த ருசி வருமா?" என்றார் சத்தமாக. உள்ளுக்குள் சிரிப்புத் தாங்கவில்லை.

"அதைத்தானே நானும் சொல்றேன்," என்றாள் மனைவி. இன்னும் இரண்டு கரண்டி வைத்தாள்.

ஆனால் உருளைக்கிழங்கு பல்லில் ஏன் நறுக்கென்றது? அவருக்குக் கொஞ்சம் இடித்தது. ராத்திரி கேரட் சூப் வந்தது.

"கேரட் ஏன் இவ்வளவு மஞ்சளா இருக்கு?"

"வயல் கேரட். வெயில் பட்டு மஞ்சளாயிடுச்சு."

"மண்ணுக்குள்ள இருக்கிறதுக்கு எப்படி வெயில் படும்?"

"அதை வயல்கிட்டதான் கேக்கணும். சூப்பு நல்லா இருக்கா இல்லையா?"

"பிரமாதமா இருக்கு."

"அப்புறம் என்ன? குடிங்க."

குடித்தார். அடுத்தடுத்த வாரங்களிலும் இதே கூத்துதான். வெள்ளிக்கிழமை வேஷம், சனிக்கிழமை மாற்று வேலை, மத்தியானம் பாராட்டு. உருளை நறுக்கென்பதும் கேரட் மஞ்சளாவதும் மட்டும் புரியவில்லை. ஒரு நாள் தன் கடையிலேயே தன் கண்ணைப் பரிசோதித்துப் பார்த்தார். கண்ணில் கோளாறு ஒன்றுமில்லை. அதனால் குழப்பம் இன்னும் கூடியது.

இப்படியே ஓடியிருக்கும். ஒரு சனிக்கிழமை வாசக்கதவைச் சாத்த மறந்துவிட்டார். கையில் காலிஃபிளவரோடு குனிந்திருந்தவருக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"சார், அது காலிஃபிளவரா?"

மாடி வீட்டு டீச்சர்!

"இ... இல்ல டீச்சர். வெள்ளை நூல்கோல்."

டீச்சர் விறுவிறுவென்று படியேறிப் போனார். சாயங்காலத்துக்குள் தெருவே கூடிவிட்டது. நம்மவர் வீட்டு முன்னறையில் உட்கார இடமில்லை. சேதி கேட்டு விவசாயியின் மனைவி அடித்துப்பிடித்து வந்திருந்தாள்.

"எங்களுக்கெல்லாம் வாராவாரம் நூல்கோல். தலைவர் வீட்டுக்கு மட்டும் காலிஃபிளவரா?" என்றார் டீச்சர். "ஆள் பார்த்து அனுப்புற வயல் எங்களுக்கு வேணாம். என்ன சொல்றீங்க?"

"வேணாம், வேணாம்" என்று நாலு பக்கமும் குரல் வந்தது.

"சத்தியமா எங்க வயல்ல காலிஃபிளவர் போடவே இல்லைங்க," என்றாள் அந்தப் பெண். "உங்களை நம்பித்தான் விதைச்சோம். தரகர்கிட்ட இனிமே எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போவோம்?"

நம்மவர் அவள் கையைப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் மண். அது பூந்தொட்டி மண் இல்லை. அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்ன, வாரம் ஏழு நாளும் அடுப்படியில் கிடந்தாலும் பரவாயில்லை என்று தோன்றிவிட்டது. எழுந்தார்.

"அவங்க மேல தப்பு இல்லை. அது வந்து... நான்தான்... அந்தக் காலிஃபிளவரை..."

"அவர் என்ன சொல்ல வர்றாருன்னா," என்று சமையலறையிலிருந்து மனைவி வந்தாள், கையில் ஒரு பெரிய தட்டோடு. "வெறும் வாயில பேச வேணாம், ஆளுக்கு ரெண்டு துண்டு எடுத்துக்கங்க."

ஆளுக்கு ரெண்டு துண்டு எடுத்துக்கொண்டார்கள். ரெண்டு நாலானது. டீச்சர் முகம்கூட லேசாக இளகியது.

"உருளை வறுவல் நல்லாத்தான் இருக்கு. ஆனா உருளையும் எங்களுக்கு வரலையே!"

"உருளையா? அது நூல்கோல் டீச்சர்."

"என்னது!" என்றது கூட்டம். எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னவர் நம்மவர்தான்.

"தோலைக் கனமாச் சீவிட்டு, மெல்லிசா நறுக்கி, அடுப்பை ஏத்தி வெச்சு வறுக்கணும். வேகவெச்சாதான் கெட்டுது. பூசணிய சூப்பு வெச்சிருக்கேன், அதையும் பாருங்க. காலிஃபிளவர்தானே? அடுப்படி திறந்துதான் இருக்கு, இருந்தா நீங்களே எடுத்துக்கங்க."

டீச்சர் விடவில்லை. உள்ளே போய் ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து பார்த்தார். நூல்கோலும் பூசணியும்தான் இருந்தன.

"காலையில என் கண்ணால பார்த்தேனே!"

"கண்ணுதானே டீச்சர்? இவரு எதுக்கு இருக்காரு? நாளைக்கே கடைக்கு வாங்க, சோதிச்சு அனுப்புவாரு."

கூட்டம் சிரித்துவிட்டது. டீச்சரும் சிரித்துவிட்டார். பேச்சு வறுவல் பக்குவத்துக்குப் போனது, கலைகிறபோது இருபது வீடும் இருபது வீடாகவே கலைந்தது. நம்மவர் மட்டும் நாற்காலியில் உறைந்திருந்தார். காலையில் தன் கையால் வைத்த காலிஃபிளவர் எங்கே? தையல்காரரிடம் தள்ளிவிட்ட நூல்கோல் எப்படி இந்த அடுப்புக்கு வந்தது?

விவசாயியின் மனைவி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, மத்தியானம் காலிப் பெட்டிக்குள்ள வெச்சு அனுப்பினீங்களே, மாடு ஒரே மூச்சுல தின்னுருச்சு. நாளைக்குப் பாலு கொஞ்சம் கூடவே வரும்."

அவள் போனதும் நம்மவர் மெல்ல வாயைத் திறந்தார்.

"மாடா?"

"மாடுதான். இத்தனை வாரமா நீங்க சொட்டுவிடாம குடிக்கிற பாலு பின்ன எங்கேருந்து வருதாம்?"

"அப்போ நூல்கோலு?"

"தையல்காரர் வீட்டுல அடுப்பே கிடையாதுங்க. நம்ம துணி தைக்கிறதுக்குக் கூலியா மூணு வேளையும் இங்கேருந்துதான் சாப்பாடு போவுது. நீங்க குடுத்த சூட்டோட கொல்லைப்பக்கமா கொண்டுவந்து குடுத்துட்டாரு."

"அப்போ நான் தின்னது... அந்த உருளை... கேரட்டு..."

"வயல்ல வெளைஞ்சதுன்னு நீங்களே வாய்நிறையச் சொல்லிட்டுத்தானே சாப்பிட்டீங்க? ஒரு பொய்கூடச் சொல்லலையே நீங்க."

அவருக்குத் தலை சுற்றியது. தான் பொய் சொன்னதாக நினைத்துச் சொன்னதெல்லாம் நிஜம். இதற்குச் சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை.

"எப்போ கண்டுபிடிச்சே?"

"மொத வாரமே. உருளைக்கிழங்கு மண்ணுல காப்பித்தூள் சக்கை இருந்துச்சு. நம்ம பூந்தொட்டியில அதைக் கொட்டுறது நான்தானே?"

"மொத வாரமேவா! அன்னைக்கே என்னைப் பிடிச்சிருக்கலாமே. பந்தயம் அன்னைக்கே முடிஞ்சிருக்குமே."

"முடிஞ்சதுதான். நாளைக்கு ஞாயித்துக்கிழமை, அடுப்படி உங்களுது. எங்க அண்ணன் குடும்பத்தோட சாப்பிட வரேன்னு சொல்லியிருக்காரு." மனைவி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் திரும்பிப் பார்த்தாள். "ஆனா வெள்ளிக்கிழமை கடைக்குப் போறதை மட்டும் நிறுத்திடாதீங்க. போன வாரம் நீங்க வாங்கின கேரட்டு முத்தல்னு மாடு ஒதுக்கிடுச்சாம்."